செல்லா உயிலும் தாய உரிமையும்: கம்பம் பள்ளத்தாக்கு வழக்காறுகளை ஒட்டிய ஓர் ஆய்வு

தோற்றுவாய்

இறந்தவர் எழுதிவைத்த உயில் சட்டத்தின்முன் செல்லாது போகுமாயின், அவர் விட்டுச் சென்ற நிலம் யாரைச் சேரும்? இவ்வினாவிற்கு இன்று விடை கூறுதல் அரிதன்று. ஆயின் இதே வினா 1830இல் எழுந்தபோது கிடைத்த விடை ஒன்று. 1900இல் கிடைத்த விடை மற்றொன்று. 1960இல் கிடைத்த விடை வேறொன்று. அவ்விடைகளை நிரல்பட வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை தெளிவாகும். பழைய நாளில் உயில் வீழ்ந்தபோது அதனோடு வீழ்ந்தவர் பெரும்பாலும் மனைவியும் மகளுமே ஆவர். இந்நாளிலோ உயில் வீழுமிடத்து மகள் எழுந்து நிற்கிறாள். இடைக்காலத்தில் உயிலின் இயல்பைக் காட்டிலும், உயில் இல்லாதவிடத்துச் செயற்படும் தாய முறையே பெரிதும் மாறியது. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுக்குக் களமாகக் கம்பம் பள்ளத்தாக்கும் அதனைச் சார்ந்த தேனிப் பகுதியும் கொள்ளப்படுகின்றன. முன்னர் மதுரை மாவட்டத்தின் பகுதியாயிருந்து, 1996இல் தேனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்ட நிலம் இது. இதனைத் தேர்ந்தமைக்குக் காரணம் மூன்று. முதலாவது, அரசுக்கு நேரே வரி செலுத்தும் குடிகளின் ஊர்களும், போடிநாயக்கனூர், கண்டமனூர், எரசக்கநாயக்கனூர் போன்ற ஜமீன் ஊர்களும் இங்கு அடுத்தடுத்து இருந்தன. இரண்டாவது, சென்னை நகருக்கென இயற்றப்பட்ட உயிற்சட்டங்கள் இப்பகுதியை எட்டுவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் ஆயிற்று. மூன்றாவது, இந்துக்களும் இசுலாமியரும் கிறித்தவரும் தத்தம் தாய முறையோடு இங்கு அண்டை வாழ்கின்றனர். குமுளி மலைவழியே ஏறிச் சென்றாலோ, முன்னாளில் திருவிதாங்கூர் அரசின் வேறொரு சட்டம் எதிர்ப்பட்டது.

தாயம் என்னும் சொல்

தாயம் என்னும் சொல் தமிழில் மிகப் பழையது. தொல்காப்பியப் பொருளியலிலும் புறநானூற்றிலும் அஃது ஆளப்பட்டுள்ளது. அதன் வேர் குறித்த ஆராய்ச்சி ஈண்டு வேண்டா. தாயத்தார், தாயாதி, பங்காளி என்பன அப்பொருளைச் சார்ந்து இன்றும் வழங்கும் சொற்கள். இவற்றுள் எல்லாம் அடங்கியிருக்கும் கருத்து ஒன்றே: உரிமை பிறப்பால் வருகிறது, இறப்பவரின் விருப்பத்தால் வருவதன்று.

இதற்குச் சங்கச் சான்று ஒன்று காட்டலாம். கோப்பெருஞ்சோழன் தன் மக்கள்மீது சினந்து போருக்கு எழுந்தபோது, புல்லாற்றூர் எயிற்றியனார் அவனைத் தடுத்துக் கூறிய பாட்டு புறநானூற்றில் 213ஆம் பாட்டாக அமைந்துள்ளது. நீ உலகு நீத்தபின் இந்நாடு அவர்க்கே உரியதன்றோ, அவரை வென்றுவிட்டால் இதனை யாருக்கு விட்டுச் செல்வாய் என்பது புலவரின் வினா. தந்தை மக்கள்மீது எத்துணைச் சினம் கொண்டாலும், அவர்க்குப்பின் செல்வம் மக்களையே சாரும் என்னும் கொள்கையை அவ்வினா தனக்கு அடிப்படையாகக் கொண்டுள்ளது. வேறொருவர்க்கு எழுதிவைத்தல் என்னும் வழி அப்புலவர் எண்ணத்தில் தோன்றவேயில்லை.

இறப்பவர் கொடுத்தற்கு வழியே இல்லையோ எனின், உண்டு. அவ்வழி கொடை. சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் இப்பள்ளத்தாக்கின் பெருஞ்சான்று. அவை காட்டும் உரிமை மாற்றம், கொடுப்பவன் உயிரோடிருக்கும்போதே கொடுத்து முடிக்கும் மாற்றமாகும். நீர்வார்த்துக் கொடுத்த அளவில் கொடுத்தவனின் உரிமை நீங்கிக் கொண்டவனின் உரிமை பிறக்கும். உயிலோ இதற்கு மாறானது. எழுதியவன் இருக்குமளவும் அது வெறும் ஓலை. அவன் இறந்த நொடியிலேதான் அதற்கு உயிர் வருகிறது. அந்நொடியிலேயே தாய உரிமையும் செயற்படுகிறது. இவ்விரண்டனுள் எது முந்தும் என்பதே உயில் வழக்குகளின் கரு. உயில் என்னும் சொல் ஆங்கிலத்திலிருந்து வந்து தமிழோசை பெற்றது. மரண சாதனம், மரண சாசனம் என்னும் வடசொற்றொடர்களும் வழங்கின. பண்டைத் தமிழ்ச்சொல் ஒன்று இதற்கென நிலைபெறாமை, வழக்கமே பிற்பட்டது என்பதற்குக் குறிப்பாகும்.

1829 முதல் 1880 வரை

தென்னாட்டில் இந்துக்களின் தாய முறைக்கு நீதிமன்றங்கள் ஆதாரமாகக் கொண்ட நூல் விஞ்ஞானேசுவரரின் மிதாட்சரம். அதன்படி மூதாதையர் சொத்தில் மகன், பேரன், கொள்ளுப்பேரன் ஆகியோர்க்குப் பிறந்த பொழுதே உரிமை உண்டு. பிரியாத குடும்பத்தில் ஓர் ஆண் இறப்பின், அவன் உரிமை எஞ்சி நிற்கும் ஆண்களிடம் தானே சென்று சேரும். இதனை எஞ்சினோர் உரிமை என்று குறிப்பாம்.

கும்பினி ஆட்சியார் 1802இல் இயற்றிய 3ஆம் ரெகுலேஷன் உயிலுக்கு ஓரளவு இடங்கொடுத்திருந்தது. அதனால் விளைந்த குழப்பத்தை நீக்க 1829இல் 5ஆம் ரெகுலேஷன் பிறந்தது. இந்துக்கள் எழுதிய உயில், அந்தந்தப் பகுதியில் வழங்கும் இந்து தருமநூலுக்கு இயைந்த அளவிலேயே செல்லும் என்றும், அதற்கு மேற்பட்டுச் செல்லாது என்றும் அது விதித்தது. தருமநூலோ உயிலைப் பற்றிப் பேசவில்லை. எனவே மதுரைச் சீமையில் அக்காலத்தே ஒருவர் எழுதிய உயில் பெரும்பாலும் செல்லா உயிலாகவே பிறந்தது எனலாம்.

1856இல் நாகலட்சுமி அம்மாள் – கோபு நடராச செட்டி வழக்கில் பிரிவி கவுன்சில், சென்னை மாகாணத்து இந்துவுக்கு உயில் எழுதும் உரிமை உண்டென ஏற்றது. 1863இல் வல்லிநாயகம் பிள்ளை – பச்சே வழக்கில் சென்னை உயர்நீதிமன்றமும் அவ்வழியே நின்றது. இங்ஙனம் உரிமை பிறந்ததேனும் அதற்கு எல்லை ஒன்று வகுக்கப்பட்டது: உயிரோடிருக்கும்போது கொடையாகக் கொடுக்க வல்ல சொத்தினையே உயிலாலும் கொடுக்கலாம். பிரியாத குடும்பத்தின் மூதாதையர் நிலத்தில் தன் பங்கை ஒருவன் உயிலால் எழுதிவைத்தல் செல்லாதென 1874இல் சென்னை உயர்நீதிமன்றம் விட்ல புட்டன் – யமேனம்மா வழக்கில் தீர்ப்பளித்தது. இறந்த நொடியில் எஞ்சினோர் உரிமை முந்திக்கொள்கிறது. உயில் பின்தங்குகிறது என்பதே அத்தீர்ப்பின் காரணம். 1880இல் பம்பாய் வழக்கொன்றில் பிரிவி கவுன்சிலும் இக்கருத்தினையே உறுதிசெய்தது.

நூற்பொருளாகத் தோன்றும் இவ்விதி வாழ்க்கையில் எவ்வாறு பயன்பட்டது என்பதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். கம்பத்திலோ கூடலூரிலோ, தம்பியோடு பிரியாது வாழ்ந்த ஒருவனுக்கு மகன் இல்லை. மனைவியும் மகளும் மட்டுமே உளர் எனக் கொள்வோம். மூதாதையர் நிலத்தில் தன் பாதியை மகளுக்கு எழுதிவைத்து அவன் இறப்பின், அவ்வுயில் வீழ்ந்தது. நிலம் முழுவதும் தம்பிக்காயிற்று. மனைவிக்கு எஞ்சியது சோறும் கூறையும் பெறும் உரிமை. மகளுக்குத் திருமணச் செலவு. நிலம் அவன் தானே ஈட்டியதாயின் நிலைமை சற்று வேறு. அப்பொழுது உயில் செல்லும்; உயில் செல்லாவிடினும் மகன் இன்மையால் மனைவி அதனை அடைவாள், ஆயின் தன் வாழ்நாள் அளவுக்கே. அவளுக்குப்பின் மகள், மகளுக்குப்பின் மகள்வயிற்றுப் பேரன். மகளுக்கு நிலம் தர விரும்பிய தந்தைக்கு உயில் ஒன்றே கருவியாயிருந்த காலத்தில், அக்கருவியே அவன் கையில் முறிந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

பாண்டிநாட்டுப் பெருவழக்குகள்

உயில் இல்லாதவிடத்தும் செல்லாதவிடத்தும் பெண்டிர் உரிமை எவ்வாறு காக்கப்பட்டது அல்லது இழக்கப்பட்டது என்பதனை அறிய, பாண்டிநாட்டுப் பெருங்குடும்பங்களின் வழக்குகள் பெரிதும் உதவுவன. ஏழைக் குடியானவர் வழக்குகள் ஊர்ப் பஞ்சாயத்தோடு முடிந்தன. ஜமீன் வழக்குகளோ இலண்டன் வரை சென்றமையால் எழுத்தில் நின்றன.

சிவகங்கை ஜமீன்தார் கௌரிவல்லபத் தேவர் 1829இல் ஆண்மகவின்றி இறந்தார். தமையன் வழியினர் ஜமீனைத் தமதென்றனர்; மனைவியரும் புதல்வியரும் தமதென்றனர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த இவ்வழக்கில் புதல்வியாகிய காத்தம நாச்சியார் இறுதிவரை நின்றார். 1863இல் பிரிவி கவுன்சில் அவர் பக்கம் தீர்த்தது. குடும்பம் பிரியாதிருப்பினும், ஒருவன் தனக்கென ஈட்டிய சொத்து எஞ்சினோர் உரிமையில் செல்லாது, மனைவி மகள் என்னும் வழியிலேயே செல்லும் என்பது அத்தீர்ப்பின் சாரம். தென்னாட்டுப் பெண்டிர் தாய உரிமை வரலாற்றில் இத்தீர்ப்பு ஒரு பெருந்தூண்.

இராமநாதபுரத்தில் நிகழ்ந்தது வேறு வகை. ஆண்மகவின்றி இறந்த சேதுபதியின் மனைவியார், கணவனின் எழுத்து இசைவு இன்றியே, உறவினர் இசைவோடு மகவேற்றுக் கொண்டார். அது செல்லுமா என்பது வினா. மதுரைக் கலெக்டர் – முத்துராமலிங்க சேதுபதி வழக்கு எனப் பெயர்பெற்ற அதில் 1868இல் பிரிவி கவுன்சில் மகவேற்பை ஏற்றது. நிலைபெற்ற வழக்காறு தக்க சான்றோடு மெய்ப்பிக்கப்படின் அது நூல்விதியினும் வலியுடையது என்னும் கொள்கை அத்தீர்ப்பால் நிலைத்தது. கணவன் எழுத்து விட்டுச் செல்லாதவிடத்து உறவின் இசைவே எழுத்தின் இடத்தை நிரப்பியது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

நம் பள்ளத்தாக்கினை அடுத்த போடிநாயக்கனூர் ஜமீனிலும் இத்தகைய போராட்டம் நேர்ந்தது. இறந்த ஜமீன்தாரின் மனைவியார் கமுலு அம்மாளுக்கும் தாயாதியாகிய விசுவநாதசாமி நாயக்கருக்கும் நடந்த வழக்கு 1913ஆம் ஆண்டின் சென்னைச் சட்டத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. பிரிக்கலாகா ஜமீனில் இளைய கிளையினர் தம் உரிமையைத் துறந்து பிரிந்தனரா அன்றா என்பதே அவ்வழக்கின் உயிர்நிலை. பிரிந்தனர் எனின் மனைவிக்கு உரிமை; பிரிந்திலர் எனின் தாயாதிக்கு உரிமை. ஒரு பெண்ணின் வாழ்வு, தன் கணவனின் விருப்பத்தை ஒட்டி அன்றி, முன்னோர் எக்காலத்தோ செய்துகொண்ட பிரிவினையை ஒட்டி நின்றது என்பதனை இவ்வழக்கு நன்கு புலப்படுத்துகிறது.

பெரியாற்று நீரும் வாய்மொழி உயிலும்

1895இல் பெரியாற்று அணை திறக்கப்பட்டது. மேற்குக் கடல் நோக்கி ஓடிய நீர் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டு முல்லையாற்றில் வீழ்ந்தது. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நன்செய் இருபோகச் சாகுபடிக்குரியதாகக் கணக்கிடப்படுகிறது. நீர் உறுதியாயின் நிலத்தின் மதிப்பு உயரும். மதிப்பு உயரின் பங்கீட்டுப் பூசலும் மிகும் என்பது எளிதில் உய்த்துணரத்தக்கது.

இக்காலத்தே உயிலுக்கு இப்பகுதியில் என்ன வடிவம் வேண்டப்பட்டது? 1870ஆம் ஆண்டின் இந்து உயிற்சட்டம், உயில் எழுத்தில் இருத்தல் வேண்டும், எழுதியவர் ஒப்பமிடல் வேண்டும், சான்றாளர் இருவர் ஒப்பமிடல் வேண்டும் என விதித்தது. ஆயின் அச்சட்டம் வங்கத்தின் ஒரு பகுதிக்கும், சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் மட்டுமே உரியது. கம்பமும் உத்தமபாளையமும் பெரியகுளமும் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டன. எனவே இங்கு வாழ்ந்த இந்து ஒருவர், படுக்கையில் கிடந்தவாறே ஊரார் கேட்க, இன்ன நிலம் இன்னார்க்கு என்று வாயாற் கூறியதும் சட்டப்படி உயிலே ஆயிற்று. அவர் ஈட்டிய சொத்தின் அளவில் அது செல்லும்.

1927 சனவரி 1 முதல் இந்நிலை மாறியது. 1925ஆம் ஆண்டின் இந்தியத் தாயச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தால், அந்நாள் முதல் எந்த ஊரில் வாழும் இந்து எழுதும் உயிலும் எழுத்தில் இருத்தல் வேண்டும். அவர் ஒப்பமோ கைந்நாட்டோ இடல் வேண்டும். சான்றாளர் இருவரேனும் அதனைக் கண்டு, அவர் முன்னிலையில் தாமும் ஒப்பமிடல் வேண்டும். 1926 திசம்பர் 31 வரை செல்லும் சொல்லாயிருந்த இறுதிமொழி மறுநாள் முதல் செல்லாச் சொல்லாயிற்று. சட்டம் மாறியதேனும் ஊரார் நெஞ்சில் அம்மொழிக்குரிய மதிப்பு மாறவில்லை. சாகும் தருவாயில் அப்பன் சொன்ன சொல் என்னும் வாதம் இன்றளவும் பங்கீட்டுப் பேச்சில் எடுத்துரைக்கப்படுகின்றது. அறத்தின்பால் அதற்கு வலிமை உண்டு, சட்டத்தின்பால் இல்லை. இவ்விரண்டனையும் மயங்கக் கொள்ளுதலே பல பூசல்களுக்கு வித்து.

அடிநிலம் மாறிய வரலாறு

உயிலின் வடிவம் இறுகிய அதே காலத்தில், அதன் அடியில் உள்ள தாய முறை நெகிழத் தொடங்கியது. 1937ஆம் ஆண்டின் இந்துப் பெண்டிர் சொத்துரிமைச் சட்டம், கணவனை இழந்த பெண்ணுக்கு மகனுக்கு ஒத்த பங்கினை வாழ்நாள் உரிமையாக அளித்தது. அது வேளாண் நிலத்திற்குச் செல்லாதென 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் கருதியது. வயலும் தோட்டமுமே சொத்தாகிய இப்பள்ளத்தாக்கில் அச்சட்டத்தால் விளைந்த பயன் சிறிதே. 1947இல் சென்னை மாகாணச் சட்டமே அதனை வேளாண் நிலத்திற்கும் விரித்தது.

1956ஆம் ஆண்டின் இந்துத் தாயச் சட்டம் பெருமாற்றத்தைச் செய்தது. உயிலின்றி இறந்த ஆணின் தனிச்சொத்தில் மகன், மகள், மனைவி, தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகளாய்ச் சமபங்கு பெறுவர். பெண் பெறும் சொத்து அவளுக்கே முழு உரிமை. ஆயின் அச்சட்டத்தின் 30ஆம் பிரிவு, பிரியாத குடும்பத்து ஆண் தன் மூதாதையர் பங்கினையும் உயிலால் எழுதிவைக்கலாம் என்றது. 1874 முதல் செல்லாதிருந்தது 1956இல் செல்லுவதாயிற்று. ஒரு கையால் மகளுக்குப் பங்கு கொடுத்த சட்டம், மறு கையால் அப்பங்கை நீக்கும் கருவியைத் தந்தையிடம் கொடுத்தது. பண்டு மகளுக்குத் தருவதற்கென நாடப்பட்ட உயில், இதன்பின் மகளை விலக்குதற்கும் நாடப்படலாயிற்று. உயிலின் வரலாற்றில் இஃதொரு திருப்பம்.

தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இயற்றிய திருத்தத்தால், 1989 மார்ச்சு 25க்கு முன் திருமணம் ஆகாத மகளிர் பிறப்பு வழிப் பங்காளிகள் ஆயினர். ஒரே வீட்டில் மணமான அக்கை பங்கிழக்க, மணமாகாத தங்கை பங்குபெற்ற நிலை சில ஆண்டுகள் இருந்தது. 2005 செப்டம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த மையச் சட்டத் திருத்தம் இவ்வேறுபாட்டினை நீக்கியது. அந்நாளில் தந்தை உயிரோடிருத்தல் வேண்டுவதில்லை. மகள் பிறப்பாலேயே பங்காளி என வினீதா சர்மா வழக்கில் 2020இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2004 திசம்பர் 20க்கு முன் பதிவுபெற்ற பத்திரத்தாலோ நீதிமன்ற ஆணையாலோ முடிந்த பாகப்பிரிவினைகள் மட்டும் அசைக்கப்படா. தமிழ்நாட்டிலிருந்து சென்ற அருணாசலக் கவுண்டர் – பொன்னுசாமி வழக்கில் 2022இல் அந்நீதிமன்றம் இன்னும் ஒருபடி பின்னோக்கிச் சென்றது: 1956க்கு முன்னரேயும், உயிலின்றி இறந்த தந்தையின் தனிச்சொத்து அவர் மகளையே சாரும், உடன்பிறந்தார் மக்களை அன்று என்றது. சிவகங்கையில் 1863இல் நாட்டிய தூண் ஒன்றரை நூற்றாண்டின் பின்னும் நிலைத்து நிற்பது இதனால் விளங்கும்.

அண்டை வழக்காறுகள்

இதுகாறும் கூறியவை இந்துக்களுக்கு உரியன. கம்பம், உத்தமபாளையம் ஆகிய ஊர்களில் இசுலாமியர் பெருந்தொகையினராய் வாழ்கின்றனர். அவர்தம் முறையில், ஈமச்செலவும் கடனும் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் உயிலால் கொடுத்தல் ஏனை வாரிசுகள் இசைந்தாலன்றிச் செல்லாது. வாரிசாவார் ஒருவர்க்கே எழுதிவைத்தற்கும் சன்னி முறையினர்க்குப் பிறர் இசைவு வேண்டும். வாய்மொழி உயில் இன்றும் செல்லும். வேளாண் நிலத்தையும் இம்முறைக்குள் கொணர்ந்தது 1949ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம். மகள் பங்கு மகன் பங்கில் பாதியேனும், அதனைத் தந்தையின் உயில் முற்றிலும் அழித்தல் இயலாது. சமபங்கு தரும் இந்துச் சட்டம் உயிலால் அப்பங்கை முற்றும் நீக்க இடந்தருகிறது; பாதிப் பங்கு தரும் இசுலாமியச் சட்டம் அதற்கு இடந்தருவதில்லை. இவ்வேறுபாடு ஒப்பியல் நோக்கினர் சிந்தித்தற்குரியது.

இராயப்பன்பட்டி முதலிய ஊர்களின் கிறித்தவர்க்கு இந்தியத் தாயச் சட்டமே விதி. அதில் மகனும் மகளும் ஒப்பர். ஆயின் மலைக்கு அப்பால் பீருமேட்டுப் பகுதி திருவிதாங்கூரில் இருந்தது. அங்கு 1916ஆம் ஆண்டின் கிறித்தவர் தாயச் சட்டப்படி மகளின் பங்கு, மகன் பங்கில் காற்பங்கு அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே. ஒரே சமயத்தைச் சார்ந்த இரு பெண்களுள் ஒருத்தி மலையடிவாரத்தில் பிறந்தமையால் சமபங்கும், மற்றொருத்தி மலைமேற் பிறந்தமையால் காற்பங்கும் பெற்ற காலம் அது. மேரி ராய் வழக்கில் 1986இல் உச்சநீதிமன்றம் 1951 முதலே சமபங்கு உண்டெனத் தீர்த்தது. அதன்பின் மகளிர் பங்கைத் தவிர்க்க உயிலை நாடும் போக்கு அங்குத் தோன்றியது. தாய முறை பெண்ணுக்கு இணங்கும்தோறும் உயில் அவளுக்கு எதிராய்த் திரும்பும் என்பதற்கு இது பிறிதொரு சான்று.

இன்று உயில் வீழுமிடத்து

இனி இன்றைய நிலையைத் தொகுத்து நோக்குவாம். உயில் வீழ்தற்குரிய காரணங்கள் நான்கெனக் கொள்ளலாம். ஒன்று, வடிவக் குறை: ஒப்பமின்மை, சான்றாளர் இருவர் இன்மை. இரண்டு, எழுதியவர்தம் மனத்தெளிவின்மை, அல்லது அச்சுறுத்தலும் வஞ்சமும். மூன்று, தமக்கு உரியதல்லாத சொத்தை எழுதிவைத்தல். நான்கு, மெய்ப்பிக்க இயலாமை: சான்றாளருள் ஒருவரேனும் உயிரோடும் வரக்கூடிய நிலையிலும் இருப்பின் அவரை நீதிமன்றத்தில் உசாவுதல் வேண்டும். உயிலால் பெரும்பயன் பெறுபவரே அதனை எழுதுவித்தலில் முன்னின்றிருப்பின், ஐயத்தை நீக்கும் பொறுப்பு அவரையே சாரும் என 1958இல் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்சநீதிமன்றம் விதித்தது. பதிவு செய்யாமை ஒரு குறையன்று. உயிலுக்குப் பதிவு கட்டாயம் இல்லை. பதிவு செய்தமை மட்டுமே ஓர் உயிலைக் காத்துவிடுவதுமில்லை.

மூன்றாம் காரணத்தில் ஒரு நுட்பம் உண்டு. ஆறு ஏக்கரும் தனதென எழுதிவைத்தவனுக்கு அதில் ஒன்றரை ஏக்கரே உரியதாயின், உயில் முற்றும் வீழ்வதில்லை. அவ்வொன்றரை ஏக்கர் அளவில் நிற்கும்.

உயில் முற்றும் வீழுமாயின் பங்கீடு எவ்வாறு அமையும்? ஆறு ஏக்கர் விட்டு இறந்த தந்தைக்கு மனைவியும் ஒரு மகனும் இரு மகளிரும் உளர். தாய் இல்லை எனக் கொள்வோம். சான்றாளர் ஒருவர் மட்டுமே ஒப்பமிட்ட தாளில், அனைத்தும் மகனுக்கே என அவர் எழுதியிருந்தார். நிலம் அவர் தாமே வாங்கியதாயின் நால்வரும் ஆளுக்கு ஒன்றரை ஏக்கர் பெறுவர். மூதாதையர் நிலமாயின், தந்தையும் மக்கள் மூவரும் முதற்கண் ஆளுக்கு ஒன்றரை ஏக்கருக்கு உரியர். தந்தையின் ஒன்றரை ஏக்கர் மீண்டும் நான்காய்ப் பிரிய, மனைவிக்கு 37½ சென்டும் மக்கள் ஒவ்வொருவர்க்கும் 1 ஏக்கர் 87½ சென்டும் ஆகும். இதே குடும்பம் 1900இல் இருந்திருப்பின் ஆறு ஏக்கரும் மகனுக்கே சென்றிருக்கும். அன்று அவ்வுயில் செல்லினும் செல்லாவிடினும் மகளிர்க்கு வேறுபாடில்லை. இன்று அதன் வீழ்ச்சியே அவர்தம் வாழ்வு. ஈண்டு மற்றொன்றும் கருதத்தக்கது: மூதாதையர் நிலத்தில் மகளின் பங்கு பெருக, தாயின் பங்கு சுருங்கியுள்ளது. முதுமைக் காலத்தில் 37½ சென்டோடு நிற்கும் தாயைக் குறித்துச் சட்டம் இன்னும் போதிய கருத்துச் செலுத்தவில்லை.

ஆயின் செல்லா உயிலும் முற்றும் பயனற்றதன்று. இறந்தவர் விருப்பம் இன்னது என்பதனை அது காட்டுகிறது. அவ்விருப்பம் நேரியது என்று வாரிசுகள் அனைவரும் கருதின், குடும்ப ஏற்பாட்டாலோ பாகப்பிரிவினைப் பத்திரத்தாலோ விடுதலைப் பத்திரத்தாலோ அதனை நிறைவேற்றிக் கொள்ளலாம். மெய்யான பூசலைத் தீர்க்க நல்லெண்ணத்தோடு செய்துகொண்ட குடும்ப ஏற்பாட்டினை நீதிமன்றங்கள் போற்றும் என்பது 1976இல் காலே வழக்கில் உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. அங்ஙனம் செய்யுமிடத்துக் கொடுப்பவர் இறந்தவர் அல்லர், வாரிசுகளே. தமக்கு உரிய பங்கு இன்னதென அறிந்து கொடுத்தால் அது கொடை. அறியாது கையொப்பமிட்டால் அது பறிப்பு.

இவ்விடத்தே பள்ளத்தாக்கின் வழக்காறு ஒன்று குறுக்கிடுகிறது. மகளுக்குத் திருமணத்தில் சீரும், பின்னர்ப் பிள்ளைப்பேறு, காதணிவிழா முதலியவற்றில் தாய்மாமன் செய்முறையும் செய்தல் பிறந்த வீட்டார் கடன். பிறமலைக் கள்ளரிடையே தங்கி ஆராய்ந்து 1957இல் நூல் வெளியிட்ட பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன், மணவுறவால் இணைந்த குடும்பங்களிடையே தொடரும் இக்கொடைகளைப் பெரிதும் ஆராய்ந்துள்ளார். இவற்றையே காட்டி, சீர் செய்தாயிற்று, இனிப் பங்கேது என்று சகோதரர் வினவுவர். பிறந்த வீட்டு வாசல் அடைபடுமோ என அஞ்சி மகளிர் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிடுவதும் உண்டு. சீர் என்பது அன்பின்பாற் பட்டது. தாயம் என்பது பிறப்பின்பாற் பட்டது. சீரைப் பெற்றமையால் சட்டம் தந்த தாயம் அழியாது. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று இன்னார் வாரிசு என்பதனைக் காட்டுமேயன்றி, எவர்க்கு எத்துணைப் பங்கு என்பதனை முடிவுசெய்யாது என்பதும் அறியற்பாலது.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால் பெறப்படுவன: தமிழர் மரபில் தாயம் பிறப்பினை ஒட்டியது, உயில் பிற்பட்டு வந்தது. 1829 முதல் 1956 வரை செல்லா உயிலின் பயன் பெரும்பாலும் ஆண் தாயாதியைச் சேர்ந்தது. 1956க்குப் பின், சிறப்பாக 1989, 2005 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்களுக்குப் பின், அப்பயன் மகளைச் சேர்கிறது. இம்மாற்றத்தை உணராத ஊர்வழக்கு, இறந்தவர் சொல்லையும் சீர்வரிசையையும் முன்னிறுத்திப் பழைய விடையினையே புதிய வினாவிற்கும் தருகிறது.

புல்லாற்றூர் எயிற்றியனார் சோழனை நோக்கி வினவியபோது, தந்தையின் சினத்திற்கும் மக்களின் பிறப்புரிமைக்கும் இடையே நின்று பிறப்புரிமைக்காகப் பேசினார். அவர் கருதிய மக்கள் ஆண்மக்களே. மக்கள் என்னும் சொல்லோ தமிழில் இருபாலார்க்கும் பொது. சொல்லில் என்றும் இருந்த பொதுமை சட்டத்தில் வந்துசேர இத்துணைக் காலம் ஆயிற்று. இனி அது பங்கீட்டுத் திண்ணைக்கும் வந்துசேர்தல் வேண்டும். உயில் செல்லாது போன வீட்டில் பத்திரம் எழுத அமர்வோர், மகளிடம் கையொப்பம் கேட்பதற்கு முன் அவள் பங்கு இன்னதென அவளுக்கு எடுத்துரைத்தல் அறமும் சட்டமும் ஒருங்கே வேண்டுவதாகும்.